ஷோல் ஏரியும் 24 கிலோமீட்டர் சாலையும்

கனடாவில் மானிட்டோபா, ஒன்டாரியோ மாகாணங்களின் எல்லையில் ஷோல் ஏரி இருக்கிறது. வின்னிபெக் நகரம் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டைபாய்டு காய்ச்சலால் அவதிப்பட்ட அந்நகரம் நல்ல தண்ணீர் தேடி இங்கே வந்தது. 1913-இல் அனுமதி கிடைத்து, 1919-இல் நகரக் குழாய்களில் ஏரி நீர் வந்தது. அதைக் கொண்டுவந்தது ஏறக்குறைய 156 கிலோமீட்டர் நீளமுள்ள கான்கிரீட் கால்வாய். ஏரி நகரைவிட மேட்டில் இருப்பதால், பம்பு வைக்காமலே தண்ணீர் சரிந்து ஓடியது.

நீர் எடுக்கும் இந்தியன் விரிகுடா, ஷோல் லேக் 40 எனப்படும் அனிஷினாபே பூர்வகுடி மக்களின் இடம். அவர்களது ஒதுக்கீட்டு நிலத்தில் சுமார் 3,000 ஏக்கர் இந்தத் திட்டத்துக்குப் போனது. அதைவிடப் பெரிய சேதம் ஓர் அணையாலும் கால்வாய் வெட்டாலும் நேர்ந்தது. சதுப்பு நிலத்தின் பழுப்பு நீரை ஃபால்கன் ஆறு விரிகுடாவில் கொண்டுவந்து கொட்டும். நகரத்துக்கோ தெளிந்த நீர் வேண்டும். எனவே குறுக்கே கரை எழுப்பி, ஆற்றை வேறு பக்கம் திருப்ப ஒரு கால்வாய் வெட்டினார்கள். அந்த மக்களின் ஊர் இருந்த தீபகற்பத்தை அந்த வெட்டு துண்டித்தது, ஊர் தீவாயிற்று.

கோடையில் படகும் மிதவையும், குளிர்காலத்தில் ஏரியின் மேல் உறைந்த பனிப்பாதையும்தான் வெளியே போக வழியாக இருந்தன. பனி உறையும்போதும் உருகும்போதும் இரண்டுமே ஆபத்து. 1997-இல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தபின் ஊரார் வெளியிலிருந்து வரும் கேன் தண்ணீரை நம்பினார்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமென்றால், இயந்திரமும் சிமெண்டும் தீவுக்குக் கொண்டுபோகும் செலவே திட்டத்தை முடக்கியது. தண்ணீர்ப் பிரச்சினை உண்மையில் சாலைப் பிரச்சினையாகவே இருந்தது. இதற்கிடையே வின்னிபெக் 2009-இல் தனக்கொரு புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொண்டது.

2014-இல் வின்னிபெக்கில் மனித உரிமை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, ஷோல் லேக் 40 மக்கள் தங்கள் ஊரிலேயே 'கனடிய மனித உரிமை மீறல் அருங்காட்சியகம்' ஒன்றைத் தொடங்கினார்கள். கசப்பும் கிண்டலும் கலந்த அந்தப் பெயர் செய்தித்தாள்களில் பரவி, சாலைக் கோரிக்கைக்கு வலு சேர்த்தது. ஊரை டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையோடு சேர்க்கும் 24 கிலோமீட்டர் 'ஃப்ரீடம் ரோடு' 2019-இல் திறக்கப்பட்டது. கனரக வண்டிகள் வரத் தொடங்கியதும் ஊரின் சுத்திகரிப்பு நிலைய வேலையும் நடந்தது. சுமார் 3.3 கோடி கனடிய டாலர் செலவில் கட்டி முடித்த நிலையம் 2021 செப்டம்பரில் இயங்கத் தொடங்க, 24 ஆண்டுக்கால அறிவிப்பு நீங்கியது.

நாடு முழுதும் பூர்வகுடி ஊர்களில் இருந்த இத்தகைய நீண்டகால அறிவிப்புகளை 2021 மார்ச்சுக்குள் நீக்குவதாகக் கனடிய அரசு உறுதியளித்திருந்தது. அந்தக் கெடு தவறியது. ஒன்டாரியோவின் நெஸ்காண்டாகாவில் 1995-இல் வந்த அறிவிப்பு அப்போதும் நடப்பில் இருந்தது.