கோழிக்கூடு மழைக்காலத்துக்குத் தயாரா? 'விண்டர்' வீடியோக்களில் எது நமக்குச் சரிவரும்?

வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்க்கலாம் என்று யூடியூப்பில் தேடினால், கனடா, அமெரிக்கா வீடியோக்கள் நிறைய வந்து நிற்கும். ஜன்னலை அடைங்க, வைக்கோலைத் தடிமனா போடுங்க, ஹீட் லேம்ப் மாட்டுங்க என்று வரிசையாகச் சொல்வார்கள். கிள்ளானிலோ காஜாங்கிலோ இதை அப்படியே செய்தால் கோழிகளின் உயிருக்கே ஆபத்து. அதற்காக அந்த வீடியோக்களை மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். அவற்றில் நமக்கு மிகவும் தேவையான ஒரு பாடம் இருக்கிறது.

பனி நாட்டில் கோழிக்கு எதிரி குளிர்தானா?

முழுக்க அப்படி இல்லை. கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். இறகுகளுக்கு இடையே காற்றைப் பிடித்து வைத்து அது தன்னைக் காத்துக்கொள்ளும். வளர்ந்த, ஆரோக்கியமான கோழி காய்ந்த கூட்டில் இருந்தால் உறைபனியைக்கூடத் தாங்கும். கூட்டை இறுக்க மூடும்போதுதான் சிக்கல். எச்சத்திலும் மூச்சிலும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அந்த ஈரக் காற்றில்தான் கொண்டை சீக்கிரம் உறைந்து கருத்துப்போகும். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா மூச்சுக்குழாயைப் பாதிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் அங்கேயும் கூரையை ஒட்டிய காற்றுத் துவாரங்களை அடைப்பதில்லை.

நமக்கான பாடம் இதுதான்: பனியோ மழையோ, கூடு காய்ந்திருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும்.

நம் ஊர் 'விண்டர்' எப்போது?

கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேர இடிமழை அதிகம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அதில் கிழக்குக் கரைக்குத்தான் அடி அதிகம் என்றாலும் நாம் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஒரு மாதத்துக்கான மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். மனிதர்களுக்கே அந்த நிலை என்றால், தரையோடு தரையாக இருந்த கோழிக்கூடுகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

உங்கள் ஊராட்சி மன்றத்தை. கோலாலம்பூர் என்றால் டிபிகேஎல், கிள்ளான் என்றால் எம்பிடிகே. வீட்டு வகையையும் இடத்தையும் சொல்லி, அனுமதி உண்டா, எத்தனை கோழி வரை வைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் கூண்டு வைக்கும் யோசனையை விட்டுவிடுவது நல்லது. தரைவீட்டிலும் பக்கத்து வீட்டு சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். சேவல் விடியும் வரை காத்திருந்து கூவாது!

கூட்டில் என்ன மாற்றலாம்?

• உயரம்: கம்பத்து வீடுகள் தூண்மேல் நிற்பது போல, கூட்டையும் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். முன்பு வெள்ளம் வந்த தாமான் என்றால், சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து முடிவு செய்யுங்கள்.

• கூரை: சாரல் உள்ளே அடிக்காதபடி கூரை நாலா பக்கமும் இரண்டு அடியாவது நீண்டிருக்கட்டும். தகரம் மட்டும் போட்டால் மதியத்தில் கூடு அடுப்பாகிவிடும். அதன்கீழே வெப்பத்தைத் தடுக்கும் அட்டை அல்லது அத்தாப்பு ஓலை கொடுங்கள்.

• சுவர்: கீழ்ப்பாதி பலகை, மேல்பாதி கம்பி வலை. மழை அடிக்கும் பக்கம் மட்டும் சுருட்டி விடக்கூடிய கான்வாஸ். மழை விட்டதும் அதைத் தூக்கிவிட மறக்காதீர்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் அதுவும் பலிக்காது.

• வலை: மெல்லிய கோழிவலையை முசாங் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் கம்பி வலையை ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள். மழையில் பாம்பும் எலியும் மேடு தேடி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

• உட்காரும் கம்பு: ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி நம் காடுகளில் இன்றும் இருக்கிறது. ராத்திரி மரத்தில்தான் தூங்கும். உயரத்தில் உறங்குவது இவற்றின் ரத்தத்திலேயே உள்ள பழக்கம்.

தரை காய்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மரச்சீவலோ உமியோ நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். கையுறை போட்டு ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உடனே மாற்ற வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் ஏற்கெனவே தாமதம்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி, ஈரமும் சூடும் சேர்ந்த தரையில்தான் வேகமாகத் தொற்றும் நிலைக்கு வரும். குஞ்சுகள் சில நாளிலேயே செத்துப்போகலாம். தீனியும் அப்படித்தான். ஈரம்பட்டுப் பூஞ்சை பிடித்தால் ஈரலைக் கெடுக்கும் நச்சு உருவாகும். மூடி போட்ட வாளியில், இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி வையுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கழுவுங்கள். தேங்கிய நீரில் கொசு பெருகினால் கோழிக்கு அம்மை, உங்களுக்கு டிங்கி. சுகாதார அதிகாரி வந்து கொசுப்புழுவைக் கண்டால் அபராதம் வேறு.

ஹீட் லேம்ப் வேண்டுமா?

வளர்ந்த கோழிக்கு வேண்டவே வேண்டாம். நம் ஊரில் மழை இரவிலும் பெரும்பாலும் 22, 23 டிகிரிக்குக் கீழே போவதில்லை. மரத்தூள் நிறைந்த கூட்டில் சூடான விளக்கு தீ விபத்துக்கும் வழி. இறகு முளைக்காத குஞ்சுகளுக்கு மட்டுமே, பாதுகாப்பான தனிப் பெட்டியில் சூடு தேவை. குளிர்காலத்தில் பகல் சுருங்குவதால் முட்டைக்காக விளக்குப் போடுவது அங்குள்ள வழக்கம். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம்தான். அந்தக் குளிர்காலக் கவலை நமக்கு இல்லை.

வெள்ளம் வந்தால் என்ன பண்றது?

மெட்மலேசியாவின் மழை எச்சரிக்கையைக் கவனியுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஆபத்து கூடும். ஆறுகளின் நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ்ஸின் இணையத்தளத்தில் பார்க்கலாம். மூடியுள்ள கூடைகள் இரண்டு, மூன்று நாள் தீனி, மேட்டுப் பகுதியில் உள்ள சொந்தக்காரர் வீடு என்று மூன்றையும் முன்பே தயார் செய்யுங்கள். நிவாரண மையத்தில் கோழிகளுக்கு இடம் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். தண்ணீர் ஏறிய பிறகு கோழிக்காகத் திரும்பிப் போகவே கூடாது. மனித உயிர்தான் முதலில்.

தண்ணீர் வடிந்ததும் பூட்ஸ், கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளநீரில் எலிச் சிறுநீர்க் கிருமி இருக்கலாம். நனைந்த தீனி, மரத்தூள், வெள்ளம் பட்ட முட்டை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டைக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே கோழிகளை உள்ளே விடுங்கள். அடுத்த சில நாள்களில் கழுத்து முறுக்கல், பச்சைக் கழிச்சல், அடுத்தடுத்து சாவு என்று ஏதாவது தெரிந்தால் அது 'சம்பார் ஆயாம்' எனப்படும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அறுத்துச் சாப்பிடவோ விற்கவோ கூடாது. பக்கத்திலுள்ள கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. மழைக்காலத்துக்கு முன்பே அங்கே கேட்டுப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் ஒரே நாளில் முடியாது. இன்று மழை விட்டதும் கூட்டின் தரையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.