புறநோயாளர் மூட்டு அறுவையில் வலி தணிப்பு: உடுமலைப்பேட்டையை முன்னிறுத்திய வரலாற்று நோக்கு

மூட்டு அறுவை செய்துகொண்டவர் அன்றே வீடு திரும்பும் முறையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1962இல் டோக்கியோவில் மசாகி வட்டனாபே, மூட்டு உள்நோக்கி வழியே முழங்காலின் பிறைக் குருத்தெலும்பைப் பகுதியாக வெட்டி நீக்கியது அதில் முதலிடம் பெறும். எனினும் துளை சிறிதானால் வலியும் சிறிதாகிவிடும் என்பதற்கில்லை. தோள்மூட்டு அறுவை இதற்குத் தக்க சான்று. வலியை அடக்க இயன்ற அளவிற்கே நோயாளியை வீட்டிற்கு அனுப்ப இயன்றது.

அவ்வகையில் நரம்பு மரப்பு முறையின் வளர்ச்சியே முதன்மையாகக் கருதத்தக்கது. 1884இல் கார்ல் கோலர் கொக்கைனால் கண்ணை மரக்கச் செய்தார். 1911இல் குலென்காம்ஃப் காரை எலும்பின் மேற்புறம் ஊசி செலுத்திக் கை நரம்புப் பின்னலை மரக்கச் செய்யும் முறையை வெளியிட்டார். முதலில் தம் உடலிலேயே அதைச் சோதித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. லிடோகெயின் 1943இலும், நெடுநேரம் செயல்படும் புபிவகெயின் 1957இலும் உருவாயின. 1994இல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் மீயொலிப் படத்தின் துணையால் ஊசியை வழிநடத்தினர்.

கொங்கு நாட்டில் இத்துறை வேரூன்றியதற்கு ஒரு தனிப்பின்னணி உண்டு. எலும்பு, கை அறுவைக்குப் பெயர்பெற்ற கோவை கங்கா மருத்துவமனையை 1978இல் நிறுவிய ஜே.ஜி. சண்முகநாதன் அறுவை மருத்துவர் அல்லர், மயக்க மருத்துவர். பகுதி மரப்புப் பயிற்சிக்கும் அம்மருத்துவமனை இன்று அறியப்படுவது வியப்பன்று.

உடுமலைப்பேட்டை 2009 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. பின்னர் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டம் மாறினும் கோவைக்குள்ள ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு மாறவில்லை. காலையில் செலுத்திய மரப்பு மருந்து நள்ளிரவிலோ விடியலிலோ வலுவிழக்கும்போது நோயாளி தம் வீட்டில் இருக்கிறார். அடங்கியிருந்த வலி அப்போது ஒருசேர எழுகிறது. மருத்துவமனைப் படுக்கையில் செவிலியர் எதிர்கொண்ட இரவு இவ்வாறு குடும்பத்தாரிடம் கைமாறியது.

அவர்கள் கையில் இருப்பவை எவை? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை எட்டாத மருந்தாக்கியது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் 2018இல் டிரமடாலும் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. எனவே பாரசிட்டமாலும் அழற்சி நீக்கி மாத்திரைகளுமே வீட்டு மருத்துவத்தின் அடிப்படையாயின. சிறுநீரகக் கோளாறோ இரைப்பைப் புண்ணோ உள்ள முதியவர்க்கு அழற்சி நீக்கிகளும் முழுமையாகப் பொருந்துவதில்லை. வலி எழுந்தபின் விழுங்குவதைவிட, மரப்பு தெளியுமுன்பே மாத்திரையைத் தொடங்குவது பயன் தரும். அந்நேரத்தை வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவதும் இதனால் மயக்க மருத்துவரின் பணியில் சேர்ந்தது.