சிறுவரின் முதல் மான் றைபிள்: பின்னுதைப்பின் வரலாறு

சிறுவர், துப்பாக்கி என்ற இரு சொற்களும் ஒரே வரியில் இடம்பெறும்போது ஈழத்துத் தமிழ் வாசகரின் மனதில் எழும் காட்சி ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின் போன்ற மாநிலங்களின் நாட்டுப்புறத்தில் வாழ்வோரின் மனதில் எழும் காட்சி முற்றிலும் வேறானது. அங்கே இலையுதிர் காலம் நெருங்கியதும் பெற்றோர் பலர் துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒரு கேள்வியுடன் செல்வர். "மான் வேட்டைக்கு முதன்முறையாக வரும் என் பிள்ளைக்கு, தோளை அதிகம் உதைக்காத றைபிள் எது?" என்பதே அக்கேள்வி.

பத்திரிகையாளனாக நான் துப்பாக்கிகளைப் பற்றி எழுதியவற்றுள் பெரும்பாலானவை போர்ச் செய்திகளே. வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பின்னரே இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருப்பதை அறிந்துகொண்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம்மவர் பலர் இன்று இந்த வழக்கத்தை அயலில் காண்கின்றனர். எனவே அதனை இங்கு பதிவு செய்வது பொருத்தமெனக் கருதுகிறேன்.

முதலில் பின்னுதைப்பு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகின்றது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமான எதிர்த்தாக்கம் உண்டு என்ற நியூட்டனின் விதியே இது. பின்னுதைப்பின் ஆற்றலை அமெரிக்கர் 'அடி-இறாத்தல்' என்ற அலகில் கணக்கிடுவர். ஓர் இறாத்தல் எடையை ஓரடி உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. குண்டின் எடை, அதன் வேகம், வெடிமருந்தின் அளவு, துப்பாக்கியின் எடை ஆகிய நான்குமே இதனைத் தீர்மானிக்கின்றன.

இந்த நான்காவது அம்சத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் இட்டுச் சுட்டால் உதை கூடும். 7.5 இறாத்தல் எடையுள்ள றைபிளில் ஏறத்தாழ 9 அடி-இறாத்தல் உதை தரும் தோட்டா, 6 இறாத்தல் றைபிளில் ஏறத்தாழ 11 அடி-இறாத்தல் உதை தரும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைகளுக்கு இலேசான துப்பாக்கி வேண்டும். அதே பிள்ளையின் தோளுக்கோ கனமான துப்பாக்கியே நல்லது. கையின் தேவையும் தோளின் தேவையும் ஒன்றுக்கொன்று முரணானவை. சிறுவரின் மான் றைபிளுடைய வரலாறு இந்த முரண்பாட்டைத் தீர்க்க முயன்றவர்களின் வரலாறு எனலாம்.

உதை வலியோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. இரண்டு மூன்று தடவை தோள் நொந்த பிள்ளை, அடுத்த தடவை விசையை இழுக்கும் முன்னரே கண்ணை மூடி உடலைச் சுருக்கிக்கொள்ளும். குழல் அசையும், குண்டு குறி தவறும். காகித இலக்கில் தவறினால் இழப்பில்லை. மானின் இதயத்தையோ நுரையீரலையோ நோக்கிச் சென்ற குண்டு வயிற்றில் பட்டால், அம்மான் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டைக்காரரிடையே இதனைவிடப் பெரிய அவமானம் இல்லை. அதனைக் கண்ட பிள்ளை மீண்டும் துப்பாக்கியைத் தொடாதிருப்பதும் உண்டு.

இவ்வரலாற்றை 1894 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஜோன் மோசஸ் பிறௌணிங் வடிவமைத்த நெம்புகோல் றைபிளை வின்செஸ்ரர் நிறுவனம் அவ்வாண்டில் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதற்கென வந்த .30-30 தோட்டா, புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்திய முதலாவது அமெரிக்க வேட்டைத் தோட்டாக்களுள் ஒன்றாகும். அதன் உதை ஏறத்தாழ 10 அல்லது 11 அடி-இறாத்தல். துப்பாக்கி குட்டையானது; அடர்ந்த காட்டில் சுமந்து செல்ல எளிதானது. எழுபது இலட்சத்துக்கும் மேலாக விற்பனையான இந்த றைபிள், தந்தையின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு வந்து பல தலைமுறைகளின் முதல் மான் துப்பாக்கி ஆயிற்று. ஆயினும் அது பிள்ளையின் அளவுக்கென வெட்டப்பட்டதன்று. வீட்டில் இருந்ததையே பிள்ளை எடுத்துக்கொண்டது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் சுடுவதற்கு மான்களே அரிதாயிருந்தன. சந்தை வேட்டையாலும் காடழிப்பாலும் வட அமெரிக்காவின் வெண்வால் மான்கள் 1900 ஆம் ஆண்டளவில் சில இலட்சங்களாகக் குறைந்திருந்தன. 1900 இன் லேசி சட்டம் களவு வேட்டைப் பொருள்களின் வணிகத்துக்குத் தடையிட்டது. 1937 இன் பிற்மன்-றொபேட்சன் சட்டம், துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் அறவிடப்படும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. இன்று அந்த மான்களின் தொகை ஏறத்தாழ மூன்று கோடி என மதிப்பிடப்படுகின்றது. பிள்ளைக்கென ஒரு மான் றைபிள் என்ற எண்ணமே மான்கள் மீண்டு வந்ததன் பின்னர் பரவலானது என்பது கவனத்திற்குரியது.

தோட்டாவின் வடிவமைப்பில் முக்கியமான திருப்பம் 1915 இல் ஏற்பட்டது. சாள்ஸ் நியூற்றன் என்பவர் சவேஜ் நிறுவனத்துக்காக .250 அங்குலத் தோட்டா ஒன்றை வடிவமைத்தார். 100 கிறெயின் குண்டையே அவர் விரும்பினார். 100 கிறெயின் என்பது ஏறத்தாழ ஆறரை கிராம். நிறுவனமோ 87 கிறெயின் குண்டைத் தெரிந்துகொண்டது. வினாடிக்கு 3000 அடி என்ற வேகத்தை விளம்பரத்தில் போடுவதற்காகவே இவ்வாறு செய்யப்பட்டது. தோட்டாவின் பெயரிலும் 3000 சேர்ந்துகொண்டது. விளம்பர நோக்கம் எதுவாயினும், சிறிய குண்டை விரைவாகச் செலுத்தினால் குறைந்த உதையுடன் மானை வீழ்த்தலாம் என்பதை அது பலருக்கு உணர்த்திற்று. 1934 இல் றெமிங்ரன் நிறுவனம், நெட் றொபேட்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கிய .257 தோட்டாவை வெளியிட்டது. ஜேர்மன் மவுசர் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கிச் செய்யப்பட்டது இது. இளையோரும் பெண்களும் இதனை விரும்பினர்.

1955 ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் மையம் எனலாம். அவ்வாண்டில் ஏறக்குறைய ஒரே விட்டமுடைய இரண்டு தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. வின்செஸ்ரர் .243 ஐயும் றெமிங்ரன் .244 ஐயும் வெளியிட்டன. ஆற்றலில் .244 குறைந்ததன்று. ஆயினும் றெமிங்ரன் நிறுவனம், பயிரழிக்கும் சிறுவிலங்குகளைச் சுடுவோரையே மனதிற்கொண்டு குழலின் உட்புறத் திருகு வரிகளை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைத்தது. வின்செஸ்ரரோ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைத்தது. நீண்ட, கனமான குண்டு நேராகச் செல்வதற்கு விரைவான சுழற்சி வேண்டும். மானுக்கேற்ற 100 கிறெயின் குண்டு .243 இல் தங்குதடையின்றிச் சென்றது. ஒரே துப்பாக்கியால் இரு வேலையும் செய்ய விரும்பியவர்கள் அதன் பக்கம் சாய்ந்தனர். றெமிங்ரன் 1963 இல் திருகு வரிகளை 9 அங்குலத்துக்கு மாற்றி, தோட்டாவின் பெயரையும் 6 மில்லிமீற்றர் என மாற்றியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அன்று முதல் சிறுவரின் முதல் மான் தோட்டா எது என்ற கேள்விக்கு .243 என்பதே வழமையான விடையாக இருந்து வருகின்றது. அதன் உதை ஏறத்தாழ 9 அடி-இறாத்தல். தந்தையர் பெருமையுடன் வைத்திருக்கும் .30-06 தோட்டாவின் உதையோ 20 அடி-இறாத்தல் அளவினது. மான் வேட்டைக்குக் குறைந்தபட்சம் .24 விட்டம் வேண்டும் என்ற கொலராடோ மாநிலத்தின் விதியையும் .243 நிறைவு செய்கின்றது. 1980 இல் றெமிங்ரன் வெளியிட்ட 7மிமீ-08 தோட்டா, சற்றே கூடிய உதையுடன் கனமான குண்டைச் செலுத்தி இரண்டாவது விடையாயிற்று.

மிச்சிகனின் தெற்குப் பகுதி, ஒகையோ, அயோவா ஆகிய இடங்களில் வேறொரு சிக்கல் இருந்தது. சமவெளியில் குண்டு வெகுதூரம் செல்லும் என அஞ்சி, மான் வேட்டையில் நீள்தூர றைபிள்களுக்கு அங்கே தடை விதிக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் குண்டிட்ட சொட்கன்களே அங்கு வழக்கில் இருந்தன. 12 ஆம் இலக்கச் சொட்கனின் உதை 30 அடி-இறாத்தலை எட்டக்கூடியது. அயலவரின் பாதுகாப்புக்கென வந்த விதி பிள்ளைகளின் தோளுக்குத் துன்பமாயிற்று. 2010களில் இம்மாநிலங்கள் நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு இடமளித்தன. 2019 இல் வின்செஸ்ரர் வெளியிட்ட .350 லெஜென்ட் இத்தேவையைக் கருதி வந்ததே.

தோட்டா மட்டும் போதாது என்பதும் காலப்போக்கில் உணரப்பட்டது. துப்பாக்கியின் அடிக்கட்டை பெரியவரின் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தால், பிள்ளை தன் உடலைப் பின்னே வளைத்தே அதனைத் தாங்க வேண்டியிருக்கும். அந்நிலையில் சிறிய உதையும் பெரிதாகத் தோன்றும். பெரியவரின் றைபிளில் விசையிலிருந்து அடிக்கட்டையின் முடிவு வரை ஏறத்தாழ பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். சிறுவருக்கானவை அதிலிருந்து ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறைத்துச் செய்யப்படுகின்றன. பிள்ளை வளர வளர இடையில் துண்டுகளைச் சேர்த்து நீட்டக்கூடியவையும் உண்டு. இறப்பர் மெத்தை தோளுக்கு உதவும். குழல்முனையில் பொருத்தும் தடுப்பு உதையைக் குறைப்பினும் ஓசையைக் கூட்டுவது. மையவெடி றைபிளின் ஓசை 150 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலே காதைக் கெடுக்க வல்லது. உதைக்கு மட்டுமன்றி ஓசைக்கும் பிள்ளை மிரளும் என்பதால் காதுக்காப்பு இன்றியமையாதது.

இவ்வளவும் நற்செய்தி. ஆனால் இவ்வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு.

உதை குறைந்த, எடை குறைந்த துப்பாக்கி பிள்ளையின் கைக்கு இசைவானது என்பதைக் காட்டுக்கு வெளியேயும் சிலர் கண்டுகொண்டனர். போரும் சிறுவரும் பற்றி கிறாசா மாஷெல் அம்மையார் 1996 இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கை, இலகுவான ஆயுதங்களின் பெருக்கம் சிறுவரைப் போரில் ஈடுபடுத்துவதை எளிதாக்கியுள்ளதைச் சுட்டிக்காட்டியது. நம் மண்ணில் பிள்ளைகளின் தோளில் துப்பாக்கி தொங்கிய காலத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. தோளை நோகடிக்காத துப்பாக்கி தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அதனைக் கொடுக்கும் கை எது, எதற்காகக் கொடுக்கின்றது என்பதே கேள்வி.

போரில்லாத வீட்டிலும் ஆபத்து உண்டு. 2013 இல் கென்ரக்கி மாநிலத்தில், பரிசாகக் கிடைத்த சிறுவர் றைபிளால் ஐந்து வயதுச் சிறுவன் தன் இரண்டு வயதுத் தங்கையைத் தவறுதலாகச் சுட்டுக் கொன்றான். அது .22 விட்டமுடைய சிறு றைபிள். அதில் உதை என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. துப்பாக்கி வீட்டு மூலையில் சாத்தப்பட்டிருந்தது. உள்ளே தோட்டா இருந்ததை எவரும் கவனிக்கவில்லை.

அமெரிக்காவில் வேட்டைக்காரர் தொகை 2016 வரையான காலத்தில் குறைந்து வந்தது. 1991 இல் ஒரு கோடி நாற்பது இலட்சமாக இருந்தது 2016 இல் ஒரு கோடி பதினைந்து இலட்சமாயிற்று. இளையோரை ஈர்க்கும் அவசரத்தில் விஸ்கொன்சின் மாநிலம் 2017 இல் பெரியவரின் துணையுடன் வேட்டையாடுவதற்கான குறைந்தபட்ச வயதையே நீக்கிவிட்டது. எவ்வாறாயினும் 1968 இன் சட்டப்படி, அனுமதி பெற்ற வணிகர் பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு றைபிளை விற்க முடியாது. கனடாவில் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையானோர் சிறுவர் அனுமதிப்பத்திரத்தின் மூலம் துப்பாக்கியை இரவல் பெறலாம். பொதுவாக அதனை உடைமையாக வைத்திருக்க முடியாது. பிள்ளையின் துப்பாக்கி என்று சொல்லப்படுவது உண்மையில் பெரியவர் வாங்கி, பெரியவர் பொறுப்பில் வைத்திருக்க வேண்டிய துப்பாக்கியே என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொள்கின்றது.

நூறாண்டு வரலாறு கூறும் அறிவுரை எளிமையானது. முதலில் .22 இல் காகித இலக்கைச் சுட்டுப் பழகட்டும். பின்னர் .243 போன்ற 10 அடி-இறாத்தலை அண்டிய தோட்டாவும், பிள்ளையின் கையளவுக்கு வெட்டிய அடிக்கட்டையும், மிகையாக எடை குறைக்காத றைபிளும் போதும். குறைந்த தூரத்திலிருந்து மட்டுமே சுட வேண்டும். ஐயமிருப்பின் மானைப் போகவிட வேண்டும். வீடு திரும்பியதும் துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறோர் இடத்திலும் பூட்டப்பட வேண்டும். சாவி பெரியவரிடமே இருக்க வேண்டும். நியூற்றனும் றொபேட்சும் அவர்களுக்குப் பின் வந்தோரும் பிள்ளையின் தோளுக்குரிய சுமையைக் குறைத்துக் கொடுத்துவிட்டனர். பெற்றோரின் சுமையைக் குறைக்கும் தோட்டாவை எவரும் இன்னும் வடிவமைக்கவில்லை, வடிவமைக்கவும் கூடாது.