பளிங்கு மாளிகைக்குக் கண்ணாடி பொருத்திய கைகள்

1851 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி இலண்டன் மாநகரின் ஹைட் பூங்காவில் விக்டோரியா மகாராணியார் ஒரு பொருட்காட்சியைத் திறந்து வைத்தார். இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட பொருள்களும் அங்கே இடம்பெற்றிருந்தன. ஆயின், காட்சிப் பொருள்கள் அனைத்தையும் விஞ்சி நின்றது அவற்றை உள்ளடக்கிய கட்டிடமே. 1,848 அடி நீளமும் 408 அடி அகலமுங் கொண்ட அதனைப் பளிங்கு மாளிகை என்று அழைத்தனர். அதன் முதலாவது தூண் நாட்டப்பட்டது 1850 செப்டெம்பர் 26 இல். அன்றிலிருந்து திறப்பு விழாவுக்கு இருந்த காலம் ஏழு மாதங்களே.

மாளிகையை வகுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் கட்டிடக் கலைஞராகப் பயின்றவரல்லர். பிரபு ஒருவரின் தோட்டத்தைப் பராமரித்தவர். செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகிய கை அது. சுமையைத் தாங்குவது இரும்புத் தூண். வெயிலையும் மழையையும் தடுப்பது கண்ணாடி. எனவே தடித்த சுவர் எதற்கு என்பது அவர் கண்ட வழி. அந்த வழிக்குக் காலமும் துணை நின்றது. நிறையைக் கணக்கிட்டுக் கண்ணாடிமீது அறவிட்ட வரியை 1845 இல் அரசாங்கம் நீக்கியிருந்தது.

பேர்மிங்காமுக்கு அணித்தான ஸ்மெதிக்கில், சான்ஸ் சகோதரரின் தொழிற்சாலையிற் கண்ணாடி உருவாயிற்று. தொழிலாளி குழலிலே வாய்வைத்து ஊதி, உருகிய கண்ணாடியை நீண்ட உருளையாக்குவார். அதனை நெடுக்காகக் கீறி, மீண்டும் சூடேற்றி விரித்தாற் தகடு கிடைக்கும். 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமுங் கொண்ட அத்தகைய தகடுகள் ஏறத்தாழ மூன்று இலட்சம் வேண்டியிருந்தன. எல்லாம் மனித மூச்சினால் ஆனவை என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

தகடுகள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கூரையில் ஏற்றிப் பொருத்துவது எப்படி? ஒன்பது இலட்சம் சதுர அடிக்குச் சாரங் கட்டுவதென்றால் மரமும் போதாது, நாளும் போதாது. இங்கேதான் பாக்ஸ்டனின் பீலி துணைக்கு வந்தது. நம் வீட்டு இறவாரப் பீலி மழைநீரை ஏந்துவதோடு அமைந்துவிடும். பாக்ஸ்டனின் மரப்பீலியோ கூரையைத் தாங்கும் உத்தரமுமாகும். அதன் மேற்புறத்து வாய்க்கால் மழைநீரை ஏந்தும். இரு பக்கத்துச் சிறு வாய்க்கால்கள் கண்ணாடியின் உட்புறத்திற் படிந்து வழியும் ஈரத்தை ஏந்தும். நீர் உள்ளே துளையுள்ள தூண்களின் வழியாக நிலத்துக்கு இறங்கும். இவ்வளவோடு நில்லாது, வேலை நடந்த நாட்களில் அதே பீலி தண்டவாளமாகவும் பயன்பட்டது.

எட்டடி இடைவெளியுள்ள இரண்டு பீலிகளிற் சக்கரங்களைப் பதித்து, ஒரு சிறு வண்டியை ஓட்டினர். கீழேயிருந்து தகடுகளும் சட்டங்களும் வண்டித் தட்டின் துவாரத்தினூடாக மேலேறின. கண்ணாடி பொருத்துவோர் வண்டியில் இருந்தவாறே சட்டத்தை நிறுத்தி, தகட்டைச் செருகி, மக்கு இட்டு, வண்டியைப் பின்னோக்கித் தள்ளிச் சென்றனர். அவர்கள் முன்னே கூரை மூடிக்கொண்டே போயிற்று. மழைக்கும் பனிக்கும் ஒதுங்க வண்டிக்கு மேலே கன்வஸ் விரிக்கப்பட்டிருந்தமையால் மாரிகாலத்திலும் வேலை தடைப்படவில்லை.

இம்முறையால் எண்பது பேர் ஒரே வாரத்திற் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளைப் பொருத்தினர். வாரத்துக்கு ஆறு வேலைநாள் எனக் கொண்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு முப்பத்தெட்டு வரும். ஒருவர் ஒரே நாளில் 108 தகடுகளைப் பொருத்தினார் என்றும் பதிவுண்டு. இத்தொகையைப் போற்றி எழுதுவோர் பலர். ஆனால், அந்த மாரியிலேயே கண்ணாடி பொருத்துவோர் கூலியை உயர்த்தும்படி கேட்டு வேலையை நிறுத்தினர் என்பதையும், முன்னின்றோர் வேலையிழந்தனர் என்பதையும் சொல்வோர் சிலரே. வண்டி வேகத்தைத் தந்தது. அவ்வேகத்தின் பயன் வண்டியில் இருந்தவரின் கைக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு.

அவசர வேலைக்குரிய குறையும் இல்லாமற் போகவில்லை. மழை நாட்களிற் கூரை ஆங்காங்கே ஒழுகியது. மூன்று இலட்சம் தகடுகளின் ஓரங்கள் அத்தனையும் மரத்தையும் மக்கையும் நம்பியிருந்தன. மரமோ வெயிலிற் சுருங்கி ஈரத்தில் உப்பும் இயல்புடையது. இன்றைய மாடிக் கட்டிடங்களின் கண்ணாடிச் சுவர்களில் இரப்பரும் சிலிக்கோன் பசையும் செய்யும் வேலையை அன்று மக்கு ஒன்றே செய்யவேண்டியிருந்தது.

ஒழுகினாலும் மக்கள் வந்தனர். ஒக்டோபர் நடுப்பகுதிவரை அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. பின்னர் மாளிகையைப் பிரித்தெடுத்து, தென் இலண்டனிலுள்ள சிடன்ஹாம் குன்றின்மீது இன்னும் பெரிதாகக் கட்டி, 1854 இல் மீண்டும் திறந்தனர். அங்கே எண்பதாண்டுகளுக்கு மேல் நின்ற அது 1936 நவம்பர் 30 ஆந் திகதி இரவு தீப்பற்றி, விடியுமுன் உருக்குலைந்த இரும்பும் உருகிய கண்ணாடியுமாகக் கிடந்தது.