படத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டவர்

1961ல் வெளிவந்த 'தி ஹஸ்லர்' பூல் விளையாட்டைப் பற்றிய படம் என்பார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பந்தைவிட அதிகமாக உருள்வது பணம்தான்.

ஹஸ்லர் என்றால் யார்? ஆடத் தெரியாதவன் போல சின்னத் தொகைக்குத் தோற்றுக் காட்டி, எதிராளி மிதப்பில் பந்தயத்தை ஏற்றியதும் மொத்தமாக வாரிக்கொண்டு போகிறவன். பால் நியூமன் நடித்த எடி ஃபெல்சன் அந்த ரகம். மினசோட்டா ஃபேட்ஸ் (ஜாக்கி க்ளீசன்) என்ற பெரிய ஆட்டக்காரரோடு 25 மணி நேரம் மோதுகிறான். ஒரு கட்டத்தில் 18,000 டாலர் லாபம். அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஃபேட்ஸ் வாயாலேயே 'போதும்' என்று வரவேண்டும் என்று குடித்துக்கொண்டே ஆடி, கடைசியில் 200 டாலரோடு நிற்கிறான். அதன்பிறகு பணம் போட வருகிற பெர்ட் கார்டன் (ஜார்ஜ் சி. ஸ்காட்) கேட்கும் பங்கு 75 சதவீதம். ஆடுகிறவனுக்கு 25. எந்தக் கந்துவட்டிக்காரரும் வெட்கப்படுவார்!

படத்துக்கு வெளியே நடந்த கதை இதைவிட சுவாரஸ்யம். நடிகர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் வில்லி மொஸ்கோனி. 15 முறை உலக சாம்பியன். 1954ல் ஓஹியோ மாநிலத்தில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில், ஒன்றுகூடத் தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து குழியில் தள்ளியவர். படத்தில் கடினமான சில அடிகளில் தெரிகிற கை அவருடையதுதான்.

1950களில் களையிழந்து கிடந்த அமெரிக்க பூல் கூடங்களில் இந்தப் படத்துக்குப் பிறகு மறுபடி கூட்டம் சேர்ந்தது. அதை அறுவடை செய்தவர் மொஸ்கோனி அல்ல, ருடால்ஃப் வாண்டரோன் என்கிற குண்டு மனிதர். அதுவரை 'நியூயார்க் ஃபேட்ஸ்' என்று அழைக்கப்பட்டவர், "படத்தில் வரும் மினசோட்டா ஃபேட்ஸ் நான்தான்" என்று கிளம்பிவிட்டார். நாவலை எழுதிய வால்டர் டெவிஸ், அது முழுக்கத் தன் கற்பனை என்று மறுத்துப் பார்த்தார். யார் கேட்டார்கள்? டிவி நிகழ்ச்சி, புத்தகம் என்று வாண்டரோன் வீட்டுப்பெயர் ஆகிவிட்டார். பெரிய பட்டம் எதுவும் ஜெயிக்காத ஆள் இவர். மொஸ்கோனிக்கு வயிறு எரியாமல் இருக்குமா?

1978ல் ஏபிசி தொலைக்காட்சி இருவரையும் ஒரே மேசையில் நிறுத்தியது. மொஸ்கோனி அதிகம் பேசாமல் ஆடி ஜெயித்தார். வாண்டரோன் தோற்றாலும் ஜோக் அடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். 1996ல் இறக்கும்வரை மினசோட்டா ஃபேட்ஸாகவே வாழ்ந்தார்.