துவக்கும் தூரமும்: நமது மாத்தளையின் வேட்டை வரலாறு சொல்லும் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நமது ஊர்ப் பக்கங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. பன்றிக்கும் குரங்குக்கும் தோட்டத்தைப் பறிகொடுத்த தம்பிமார், "எத்தனை எக்ஸ் ஸ்கோப் போட்டால் நல்லது?" என்று கேட்கிறார்கள். யூடியூப்பில் வெளிநாட்டுக்காரன் மலைக்கு மறுபக்கம் நிற்கும் மானை 12 மடங்கு, 20 மடங்கு பெருக்கிப் பார்த்துச் சுடுவதைப் பார்த்துவிட்டு, அதுவே நமக்கும் வேண்டும் என்று நினைக்கிறார்கள். இது வெறும் சாமான் வாங்கும் விடயம் என்று நாம் நினைக்கவில்லை. இதற்குப் பின்னால் நமது மாவட்டத்தின் வரலாறும் இருக்கிறது, மனித உயிரும் இருக்கிறது. முதலில் வரலாற்றுக்குப் போவோம்.

*சேனைக் காவலும் கிராமத்துத் துவக்கும்*

துவக்கு இலங்கைக்குள் வந்தது 1505இல் வந்த போர்த்துக்கேயரோடு. ஆனால் அது அவர்களுடைய கையில் மட்டும் இருக்கவில்லை. நமது நாட்டுக் கொல்லர்கள் விரைவிலேயே அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கண்டி இராச்சியத்தின் கொல்லர் செய்த நீண்ட குழல் துவக்குகள் இன்றும் நூதனசாலைகளில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு விசைப்பகுதி இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலப்பக்கம்.

மாத்தளைக் கிராமவாசிக்குத் துவக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. சேனை வெட்டி, குரக்கனும் சோளமும் போட்டு, மரத்தில் பரண் கட்டி, இரவு முழுக்கக் கண்விழித்துக் காவல் காத்த மனிதனின் கடைசித் துணை அது. அந்தப் பரணிலிருந்து சேனையின் எல்லை வரை எவ்வளவு தூரம் இருக்கும்? இருபது, முப்பது பாகம். அதற்கு அப்பால் காடு. காட்டுக்குள் பார்வை போகாது. தூரக்கண்ணாடி இல்லாததால் அவர்கள் கிட்ட வைத்துச் சுட்டார்கள் என்று சொல்வது சரியாகாது. நமது காட்டில் சுடக்கூடிய தூரமே அவ்வளவுதான்.

*ஐந்து நாள் கூலிக்கு ஒரு துவக்கு வரி*

1848இல் ஆளுநர் டொரிங்டன் பிரபு புதிய வரிகளைக் கொண்டுவந்தார். கடைக்கு வரி, நாய்க்கு வரி, துவக்குக்கு வரி. துவக்கு ஒன்றுக்கு வருடத்துக்கு 2 சிலிங் 6 பென்ஸ். இது கூடவா குறைவா என்பதை அதே அரசாங்கத்தின் கணக்கை வைத்தே பார்க்கலாம். அதே ஆண்டின் வீதிச் சட்டப்படி ஒரு ஆண்மகன் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். அப்படியென்றால் ஒரு நாள் உழைப்பு 6 பென்ஸ். துவக்கு வரி அவனுடைய ஐந்து நாள் உழைப்பு. சேனையைக் காக்கும் துவக்குக்கு வரி, துவக்கோடு காவல் இருக்கும் நாய்க்கும் வரி!

அதன் விளைவை மாத்தளைப் பிள்ளைகள் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். ஜூலை மாதம் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். வீர புரன் அப்புவும் அவரும் ஆட்களோடு மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினார்கள். இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டெம்பரில் பண்டா நமது எல்கடுவைப் பக்கம் பிடிபட்டு, பின்னர் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. காணி, கோப்பித் தோட்டம், பௌத்த சமயத்தை அரசு நடத்திய விதம் எல்லாம் உண்டு. ஆனால் ஏழையின் பயிர்க்காவல் துவக்கும் அந்தக் காரணங்களில் ஒன்று என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

*அதே காலத்தில் துரைமார் என்ன செய்தார்கள்?*

கிராமவாசியின் துவக்குக்கு வரி போட்ட அதே அரசு, இன்னொரு பக்கம் யானையைக் கொல்பவனுக்குச் சன்மானம் கொடுத்தது. இதை எழுதியிருப்பவர் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதாக அவர் சொல்கிறார். அன்றைய வட மாகாணம் என்றால் யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டுமல்ல. 1873 வரை அநுராதபுரப் பக்கமும் அதற்குள்தான் இருந்தது. அதாவது தம்புள்ளையைத் தாண்டினால் அந்த மாகாணம்.

மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாக எழுதப்பட்டிருக்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நமது நாட்டு வீதிகளை அமைத்த தோமஸ் ஸ்கின்னரின் கணக்கு 700 அளவில் என்பார்கள். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தனது வேட்டைகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

இவர்களிடம் ஸ்கோப் இருந்ததா? இல்லை. பேக்கரிடம் இருந்தது பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் செய்து கொடுத்த 21 இறாத்தல் பாரமான ரைபிள். 3 அவுன்ஸ் குண்டு போடும். அவ்வளவு பெரிய துவக்கை வைத்துக்கொண்டும் அவர்கள் யானையை நெருங்கி, பத்துப் பதினைந்து யார் தூரத்தில் நின்று நெற்றிக்குச் சுட்டார்கள். நுவரெலியாப் பக்கம் மரை வேட்டையில் பேக்கர் துவக்கையே விட்டுவிட்டு நாய்களோடும் கத்தியோடும் போனார்.

அவர்களுடைய கொலைவெறியை நாம் புகழ வரவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இலங்கைக் காட்டில் மிருகங்களைக் குவித்துக் கொன்ற காலத்திலேயே தூரக்கண்ணாடிக்கு வேலை இருக்கவில்லை.

*அப்போ ஸ்கோப் எங்கிருந்து வந்தது?*

1840களில் அமெரிக்காவில் துவக்கின் நீளத்துக்கே நீண்ட குழாய்களாக அது பொருத்தப்பட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடுவோர் அதைப் பாவித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் மலை வேட்டைக்காரருக்காகச் சிறிய ஸ்கோப்கள் செய்யப்பட்டன. 1930இல் அமெரிக்கர் வில்லியம் வீவர் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் ஒன்றைச் செய்தார். அதன் பெருக்கம் ஏறத்தாழ 3 மடங்குதான். திறந்த புல்வெளியும் வெறும் மலைச்சரிவும் உள்ள நாட்டுக்காரருக்கே அது போதுமாக இருந்தது.

அதே 1930இல் இந்தியாவில் குமாஊன் மலைப்பகுதியில் ஜிம் கோர்பெட் ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றைச் சுட்டார். ஒரு கையில் பறவை முட்டைகள், மறு கையில் துவக்கு. தூரம் எட்டு அடி. ஸ்கோப் இல்லை.

*இப்போது கணக்கைப் பார்ப்போம்*

நாம் ஆசிரியர்கள் அல்லவா, கணக்கில்லாமல் விட மாட்டோம். ஸ்கோப்பில் "4 எக்ஸ் 32" என்று எழுதியிருந்தால், 4 என்பது பெருக்கம், 32 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில்.

1. பார்க்கும் அகலம். 4 மடங்கு ஸ்கோப்பில் 100 மீற்றரில் ஏறத்தாழ 10 மீற்றர் அகலம் தெரியும். 12 மடங்கில் ஏறத்தாழ 3 மீற்றர்தான். நமது தோட்டத்தில் சுடும் தூரம் 25 மீற்றர் என்று வைத்தால், 4 மடங்கில் இரண்டரை மீற்றர் தெரியும், 12 மடங்கில் முக்கால் மீற்றர். வளர்ந்த பன்றியின் நீளமே ஒரு மீற்றருக்கு மேல். அப்போ 12 மடங்கில் தெரிவது பன்றி அல்ல, கொஞ்சம் மயிர். அது பன்றியின் மயிரா, பக்கத்து வீட்டு எருமையின் மயிரா என்று தெரியாது!

2. வெளிச்சம். முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 32ஐ 4ஆல் வகுத்தால் 8 மில்லிமீற்றர். 12ஆல் வகுத்தால் 2.7. மக்ரிப் நேரத்து மங்கலில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். வயது போகப் போக அது 5 அளவுக்குக் குறையும். ஆகவே பெருக்கம் கூடக் கூட, மிருகம் தோட்டத்துக்கு வரும் அந்த நேரத்தில்தான் ஸ்கோப் இருட்டாகிறது.

3. கை நடுக்கம். 12 மடங்கு ஸ்கோப் உங்கள் கை நடுக்கத்தையும் 12 மடங்காகக் காட்டும்.

4. துவக்கின் வகை. பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி பெற்ற நானாமாரிடம் இருப்பது பெரும்பாலும் 12 போர் துவக்கு. அதன் சன்னம் சிதறிப் போகும். 40 யாருக்கு அப்பால் அதை நம்ப முடியாது. அதற்கு ஸ்கோப்பே தேவையில்லை. ஸ்பிரிங் எயார் ரைபிள் என்றால் முன்னும் பின்னும் இருமுறை உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப்பை அது உடைத்துவிடும்.

கணக்கின் விடை இதுதான். நமது மண்ணுக்கு, சட்டப்படி அனுமதி உள்ளவருக்கு, வெறும் கண் அல்லது 2 முதல் 4 மடங்கு போதும். மாற்றக்கூடிய ஸ்கோப் என்றால் ஆகக் குறைந்த இலக்கத்திலேயே வைத்திருங்கள்.

*உண்மையான பிரச்சினை பெருக்கம் அல்ல*

பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்திகளை நாம் எல்லோரும் பத்திரிகையில் வாசித்திருக்கிறோம். டோர்ச் அடித்தால் நாய், மாடு, மான் ஆகியவற்றின் கண் மினுங்கும். அந்தக் கண்களுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருக்கிறது. பன்றியின் கண்ணில் அந்தப் படலம் இல்லை. மனிதனின் கண்ணிலும் இல்லை. இருட்டில் "கண் மினுங்கவில்லை, ஆகவே பன்றி" என்று விசையை அழுத்துபவன், கிழங்குத் தோட்டத்தில் குனிந்து நிற்கும் ஒரு வாப்பாவைச் சுடக்கூடும். எந்த எக்ஸ் ஸ்கோப்பும் அந்தப் பாவத்தைத் தடுக்காது. முழு உருவத்தையும் கண்ணால் கண்டு, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்த பிறகு சுடுவது மட்டும்தான் தடுக்கும்.

கட்டுத்துவக்கும் ஹக்கபட்டாஸும் இதைவிட மோசம். அவற்றுக்குக் கண்ணே இல்லை. பன்றிக்கு வைத்த ஹக்கபட்டாஸைக் கடித்த யானைக் குட்டிகள் வாய் சிதைந்து, பல நாள் பட்டினி கிடந்து சாகின்றன. 1984இல் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ தேசியப் பூங்கா நமது மாவட்டத்திலும் இருக்கிறது. அந்த யானைகளுக்கும் நாம்தான் அயலவர்.

விவசாயியின் கஷ்டத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பன்றி நமக்கு ஹராம், ஆனால் நமது மரவள்ளி பன்றிக்கு ஹலால் போலத்தான் நடக்கிறது! 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடத்தில் நாடு முழுக்க மிருகங்களை எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். எண்ணியதால் தேங்காய் திரும்பி வரவில்லை. வேலி, ஒன்றாகச் சேர்ந்து காவல், நட்டஈடு, காட்டோரக் காணித் திட்டம் என்பவற்றை அரசிடம் கேட்பது நமது உரிமை.

ஆனால் சட்டமும் வரலாற்றிலிருந்து வந்ததுதான். கண்டபடி சுட்டுத் தள்ளிய வேட்டைக்காரர்களே மிருகம் முடிந்துபோகும் என்று பயந்து 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். துவக்குச் சட்டம் 1916இல் வந்தது. 1937இல் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதைச் சுடலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். மாவட்டச் செயலகத்திலும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் கேளுங்கள்.

நமது மார்க்கம் வேட்டையை அனுமதித்திருக்கிறது, ஒழுங்கோடு. உயிருள்ள ஒன்றைக் குறிபார்த்துப் பழகும் இலக்காக வைப்பதை நமது நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அறுப்பதானாலும் அழகிய முறையில் அறுக்கச் சொன்னார்கள். தூரத்திலிருந்து சுட்டுக் காயப்படுத்தி, காட்டுக்குள் ஓடிச் சாக விடுவது அந்த ஒழுங்கில் சேருமா என்று நாமே யோசிப்போம்.

உக்குவளை, வரக்காமுறை, றத்தொட்டை, கலேவெல என்று எல்லா ஊர்களிலும் சேனைக் காவலைக் கண்ட மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தூரத்தில் நின்றார்கள், எப்படி இனம் கண்டார்கள், எத்தனை இரவு சுடாமலே விடிந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்டதை இங்கே கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்வோம்.

அல்லாஹ் நமது பயிரையும், நமது அயலவர் உயிரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.