காய்கறி சூப்பும் கஞ்சா இலையும்

சென்ற மார்கழியில் ஒருநாள் மாலை, தளவாய்புரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். மேற்கே மலையிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஆயத்த ஆடைத் தொழிலால் வாழும் ஊர். பொழுது சாய்ந்த பின்னும் தையல் இயந்திரங்களின் ஓசை ஓய்வதில்லை. என் பழைய மாணவர் ஒருவரின் மகன், கல்லூரியில் பயிலும் பிள்ளை, என்னைக் காண வந்திருந்தான். என் மனைவியார் சுரைக்காய், கேரட், முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சின்ன வெங்காயத்துடன் வேகவைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, இருவருக்கும் சூப்புக் கொடுத்தார்.

இரண்டு வாய் குடித்த பிள்ளை, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "ஐயா, இதில் விரும்பினால் கஞ்சா இலையும் சேர்க்கலாம் என்று ஒரு சமையற் குறிப்பில் படித்தேன். நம் முன்னோர் அப்படித்தான் மருந்தாக உண்டார்களாம். மெய்தானா?"

முதலில் அவனை முறைக்கத்தான் தோன்றியது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திரம் கற்பித்தவன், 'முன்னோர் செய்தார்களா' என்னும் வினாவுக்கு முறைப்பை விடையாகத் தரலாகாது. அன்று அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் நாட்டு சூப்பு மிளகுத்தண்ணீர். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வருமுன் நமக்குக் காரம் தந்தது மிளகே. ஆங்கிலேயர் இதனை 'மல்லிகட்டானி' என்று திரித்து வழங்கினர். மைசூர்ப் போரில் சிறைப்பட்டவர்களைப் பற்றிய 1784ஆம் ஆண்டுப் பாட்டொன்றில், பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணீரும் கஞ்சியுமே உணவு என்ற புலம்பல் உண்டு. சிறையில் வெறுத்ததைப் பின்னர் அவர்களே கோழியும் ஆட்டிறைச்சியும் சேர்த்து விருந்து மேசைக்கு ஏற்றிக்கொண்டார்கள். சென்னை மாகாணத்து அதிகாரிகளுக்கு 'மல்' என்று பட்டப்பெயரே அமைந்துவிட்டது! இந்தச் செய்திகளுள் பல யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் உள்ளன. மிளகுத்தண்ணீரின் இந்தக் கதையில் கஞ்சாவுக்கு இடமே இல்லை.

அப்படியாயின் கஞ்சாவை எவரும் உண்டதில்லையா? உண்டார்கள். வடநாட்டில் ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாங்கு இலையை அரைத்துப் பாலும் பாதாமும் சர்க்கரையும் கூட்டிக் குடிப்பது பழைய வழக்கம். சித்த, ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றிலும் அது சேர்வதுண்டு. ஆனால் சுத்தி செய்து, அளவறிந்து, வைத்தியர் கையால் தரப்படுவது. அடுப்படியில் அவரவர் விருப்பம்போல் தூவியதன்று. அன்றியும், பாலும் நெய்யும் அதில் ஏன் சேர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கஞ்சாவின் சத்து நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில்தான் கரையும்.

இதனையெல்லாம் ஆராய்ந்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் ஓஷானசி. அயர்லாந்துக்காரர், பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் அவரே. நெய்யில் காய்ச்சி மாஜூன் என்னும் இனிப்புச் செய்யும் முறையை அவர் விசாரித்தறிந்து 1839இல் எழுதினார். முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். இழுப்பு நோயில் வலி தணிந்ததைக் குறித்த அவரே, தொடர்ந்து உட்கொள்வோருக்கு மனக்குழப்பம் நேர்வதையும் மறைக்காமல் குறித்தார்.

அந்த நூற்றாண்டின் இறுதியில், கஞ்சா இந்தியரைப் பித்தராக்குகிறது என்ற குரல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் வரை எட்டியது. 1893இல் ஒரு கமிஷன் அமைந்தது. மாக்வர்த் யங் தலைவர். உறுப்பினருள் இந்தியர் மூவர். நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை வந்தது. மாணவர்கள் இதில் ஒரு பகுதியையேனும் படிக்க வேண்டும் என்பேன். பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளைப் பற்றிய பகுதி அது.

அப்பதிவேடுகளில் 'காரணம்' என்றொரு பத்தி உண்டு. தெருவில் திரிந்த ஒருவனைப் போலீசார் பிடித்து வருவர். உற்றார் எவரும் உடன் வரார். பத்தியை வெற்றாக விடக்கூடாதே என்று 'கஞ்சா' என எழுதிவிடுவர். ஆண்டுக்கு ஆண்டு அவற்றைக் கூட்டினால் புள்ளிவிவரம்! கமிஷனார் 1892ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 1,344 பேருள் கஞ்சா காரணம் என எழுதப்பட்டோரின் வரலாற்றை ஒவ்வொன்றாகக் கிளறினர். கஞ்சாவோடு தொடர்புபடுத்தத் தக்கவை என எஞ்சியவை 98.

இதைப் படித்தபோது எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஏனெனில் நானும் அத்தகைய பத்தியை நிரப்பியவன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில், முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவேன். அப்படித் தேதி பெற்ற ஒரு பையன் வளர்ந்து காவலர் தேர்வுக்குப் போனான். வயது ஐந்து மாதம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் தாய் சொன்ன கணக்கின்படி கடக்கவில்லை. அவள் பேச்சைவிட என் மை வலிதாயிற்று.

கமிஷன் சொன்னது முற்றும் வேதவாக்கு என்று கொள்ளவும் வேண்டா. அளவான பழக்கத்தால் பெருந்தீங்கு இல்லை, மிகுதியான பழக்கம் கெடுக்கும், தடுப்பதைவிட வரி விதித்துக் கட்டுப்படுத்துக என்றது அது. அந்த வரியால் கஜானா நிரம்பியது என்பதையும் நினைக்க வேண்டும். இந்திய உறுப்பினருள் இருவர் உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினர்.

பழைய பதிவேடு பிழையானது என்பதால் கஞ்சா தீங்கற்றது என்றும் ஆகிவிடாது. அதன் போதைப்பொருளை 1964இல் இஸ்ரேலில் மெக்கோலமும் கவோனியும் பிரித்தறிந்தனர். இளவயதில் மிகுதியாகக் கொள்வோருக்கு மனநோய் வரும் வாய்ப்பு மிகுகிறது என்று இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உணவில் கலந்து உண்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. புகைத்தால் சில நிமிடத்தில் தெரிவது, உண்டால் ஒரு மணி, இரண்டு மணி கழித்தே தெரியும். கல்லீரலில் அது இன்னும் வலிய பொருளாகவும் மாறும். ஒன்றும் ஆகவில்லையே என்று மேலும் உண்பவன் மாட்டிக்கொள்கிறான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், பூங்கொத்து இல்லாத தனி இலையைக் கஞ்சா என்னும் இலக்கணத்தில் சேர்க்கவில்லை. அதனால் வடமாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள்ளன. நம் மாநிலத்தில் இல்லை. இங்கே கஞ்சாவை வைத்திருப்பதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம்.

பிள்ளை நெடுநேரம் பேசாதிருந்தான். சூப்பு ஆறிவிட்டது. என் மனைவியார் அதை வாங்கிச் சுடவைக்க உள்ளே சென்றார்.

"அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறார், ஐயா?" என்று கேட்டான்.

"எதிர் வீட்டில் தையல் இயந்திரம் ஓடுகிறதே, கேட்கிறதா? அது அவனுடையதுதான்" என்றேன்.